நின்றுபோன வகுப்பும் ஊர் வசூலும்

பள்ளியில் நெடுநாள் நடந்துவந்த ஒரு வகுப்பு நின்றுபோகுமானால், அதனை முதலில் உணர்பவர்கள் பிள்ளைகள். சற்றுத் தாமதித்து உணர்பவர்கள் பெற்றோர். பஞ்சாயத்துக்குச் செய்தி வந்து சேரும்போது பெரும்பாலும் ஒரு பருவமே கழிந்திருக்கும். ஓவிய ஆசிரியர் மாறுதலாகிச் சென்ற பின் அவ்விடம் நிரப்பப்படாமல் இருக்கலாம். மாணவர் தொகை குறைந்ததனால் உடற்பயிற்சி வகுப்பு கைவிடப்பட்டிருக்கலாம். தையற் பொறி பழுதுபட்டு மூலையில் கிடக்க, அதனைக் கற்பித்தவரும் வராமற்போயிருக்கலாம். இத்தகைய நிலையில் ஊர்ப் பெரியோர் கூடி, "அரசை எதிர்பார்த்துக் காலம் கடத்துவானேன்? நாமே வசூல் செய்து நடத்துவோம்" என்று முடிவு செய்வது நம் கிராமங்களில் புதிதன்று. அவ்வூக்கம் பாராட்டத் தக்கதே.

ஆயினும், அம்முடிவு எடுக்கப்படும் கூட்டத்தில் மூன்று வினாக்கள் எழுவதில்லை. எவரிடம் எவ்வளவு பெறுவது? திரண்ட பணம் எந்தப் பிள்ளைகளைச் சென்று சேரும்? அதே பஞ்சாயத்தில், வசூல் செய்ய வகையற்ற மற்றொரு குடியிருப்பின் பள்ளிக்கு வழி என்ன? நற்செயலுக்குப் பணம் கொடுக்கிறோம் என்ற நிறைவிலே இவ்வினாக்கள் மறைந்துவிடுகின்றன. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவற்றை ஆராய்ந்து தெளிதல் அவசியமாகும்.

பள்ளியில் நடக்கும் ஒரு ஏற்பாடு நின்றால் என்ன விளையும் என்பதற்குச் சென்னை நகரின் பழைய நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராய செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811-ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25-ல் 1,671-ஆக உயர்ந்தது. அந்நிலையில், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அன்றைய ஆங்கில அரசு தடுத்துவிட்டமையால், 1925 ஏப்ரல் முதல் நாளிலிருந்து சிற்றுண்டி நின்றது. 1927-ல் அது மீண்டும் தொடங்கும்வரை இரண்டு ஆண்டுகள் கழிந்தன. வீட்டில் காலையுணவு உண்டு வந்த பிள்ளைக்கு அவ்விரண்டு ஆண்டுகள் பெரிய இழப்பல்ல. சிற்றுண்டியை நம்பிப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கோ அது பள்ளியின் கதவே சாத்தப்பட்டது போலாகும். ஏற்பாடு ஒன்று நிற்கும்போது எல்லோரும் சமமாக இழப்பதில்லை என்பதை இதிலிருந்து உணரலாம். நின்றது எவரும் வேண்டாம் என்றதனாலன்று என்பதும் குறிப்பிடத் தக்கது. பணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்ற வழக்கிலே அது நின்றது. இன்றும் பல வகுப்புகள் இவ்வாறே நிற்கின்றன.

ஊரார் பொருளால் பள்ளியை நடத்தும் முயற்சி நம் மாநிலத்தில் பெருமளவில் எழுந்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னராகும். திரு. காமராசர் முதலமைச்சராகவும், திரு. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956-ல் பகலுணவு இயக்கம் தொடங்கியது. முதலில் அது ஊராரின் நன்கொடையையே நம்பியிருந்தது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, தோட்டத்திலிருந்து காய்கறி, விறகு என்று மக்கள் கொடுத்தனர். பின்னர் அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் 6 பைசாவை அரசு தந்தது. 4 பைசாவை ஊரார் தேடிக்கொள்ள வேண்டும். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இக்காலத்தவையே. கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், கட்டடம், சீருடை எனப் பல பொருள்களை ஊரார் மேடையில் கொண்டுவந்து வைத்தனர். சென்ற சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் மேளதாளத்துடன் தட்டேந்திச் சென்று பள்ளிக்குக் 'கல்விச் சீர்' வழங்கும் வழக்கம் அம்மாநாடுகளின் வழிவந்ததே எனலாம்.

இம்முயற்சிகளின் பெருமையைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. எனினும் அந்த நான்கு பைசாவைச் சற்று உற்று நோக்குவோம். நஞ்சை நிலமும் நெல் மண்டியும் உள்ள ஊர் தன் 4 பைசாவை எளிதில் திரட்டிவிடும். உடனே 6 பைசா வந்து சேரும். மூன்றாண்டு மழை பொய்த்த மேட்டுநிலக் கிராமம் 4 பைசாவைத் திரட்ட இயலாது நின்றால், தன்னுடைய 4 பைசாவோடு அரசின் 6 பைசாவையும் அது இழக்க நேரும். 'நீ இட்டால் நான் இடுவேன்' என்ற முறையில் அமைந்த எந்த உதவிக்கும் இக்குறை உண்டு. உள்ளவனை ஊக்குவிக்கும் அம்முறையே இல்லாதவனை இருமுறை தண்டித்துவிடுகிறது. 1982 ஜூலையில் முதலமைச்சர் திரு. எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டம் அரசுச் செலவில் தொடங்கிய பின், பிள்ளையின் சோற்றுக்கு ஊரின் வளத்தைக் கேட்கும் நிலை நீங்கியது.

இக்குறையை உணர்ந்து பங்கை வேறுபடுத்தி அமைத்த ஏற்பாடும் நம்மிடம் உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் வாழும் பகுதிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கே போதும் என்று விதி செய்யப்பட்டது. பள்ளிக் கட்டடம் போன்ற நிலையான பணிகளுக்கு இத்திட்டத்தை நாடலாம். நடப்பு விதிகளை வட்டார வளர்ச்சி அலுவலகத்திலே கேட்டறிந்துகொள்க.

இதே வினா, நம்மினும் பன்மடங்கு செல்வம் படைத்த அமெரிக்க நாட்டையும் அலைக்கழித்திருக்கிறது. அங்கே பள்ளிகள் பெரும்பாலும் அவ்வவ்விடத்துச் சொத்து வரியைக் கொண்டு நடந்து வந்தன. விலையுயர்ந்த வீடுகள் நிறைந்த ஊருக்கு நல்ல பள்ளி, எளியோர் வாழும் ஊருக்கு எளிய பள்ளி என்றாயிற்று. இது நேர்மையாகாது என்று கலிபோர்னியா மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1971-லும் 1976-லும் தீர்ப்பளித்தது. 1978 ஜூனில் அம்மாநில மக்கள் வாக்கெடுப்பின் மூலம், சொத்து வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றை மிஞ்சலாகாது என்று விதித்துவிட்டனர். வரி வருவாய் பாதிக்கு மேல் வீழ்ந்தது. பள்ளிகளில் இசை, ஓவியம், நூலகம், கோடைகால வகுப்பு ஆகியவை ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. உடனே வசதியுள்ள பெற்றோர் தத்தம் பள்ளிக்கென நிதி மன்றங்கள் அமைத்து, நின்ற வகுப்புகளை வசூலால் மீட்டனர். இவ்வகை மன்றங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. மாநிலத்தின் மொத்தக் கல்விச் செலவோடு ஒப்பிட்டால் அவ்வசூல் சிறு பகுதியே. ஆனால் அச்சிறு பகுதி ஒரு சில ஊர்களிலே குவிந்தது. நீதிமன்றம் முன்வாயிலில் அடைத்த ஏற்றத்தாழ்வு, நன்கொடை என்ற பெயரோடு புழைக்கடை வழியே உள்ளே வந்தது.

அம்மாநிலத்தில் சான்டா மோனிகா, மாலிபூ என்னும் இரண்டு கடற்கரை ஊர்கள் ஒரே பள்ளி நிருவாகத்தின்கீழ் இருந்து வந்தன. செல்வர் மிகுந்த மாலிபூவின் பள்ளிகள், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், மற்றப் பள்ளிகளைப் போலப் பன்மடங்கு திரட்டின. ஆசிரியர், உதவியாளர் ஊதியத்துக்கான வசூல் முழுதும் ஒரே பொது நிதியில் சேர்ந்து எல்லாப் பள்ளிகளுக்கும் பிரிய வேண்டும் என்று 2011-ல் நிருவாகக் குழு தீர்மானித்தது. மாலிபூப் பெற்றோர் பலர் சினந்தனர். தனிப் பள்ளி நிருவாகம் வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை வலுத்தது. ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரம் நெடுங்காலம் கைக்கொண்ட வழி இதனினும் மிதமானது. ஒரு பள்ளியின் மன்றம் திரட்டும் முதல் 10,000 டாலர் முழுதும் அப்பள்ளிக்கே. அதற்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குச் சென்று, வசூல் செய்ய இயலாத பள்ளிகளுக்குப் பகிரப்படும். தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டும் என்ற பெற்றோரின் ஆவலை அது மதித்தது; பக்கத்துப் பிள்ளையையும் மறக்கவிடவில்லை. எனக்கு இம்முறையே நம் ஊர்களுக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. முழுவதையும் பொதுவில் வாங்கிக்கொண்டால் கொடுப்பவன் கை சுருங்கிவிடும் என்பது உழவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வகுப்பு வரையில் மாணவர் தொகை 100-க்கு மேற்பட்டால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் உண்டு. சிற்றூர்களின் நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் அத்தொகை இல்லை. ஆதலின், வகுப்பு நிற்பது எவருடைய தீய எண்ணத்தாலும் அன்று; ஓர் எண்ணிக்கைக் கோட்டுக்குக் கீழே பள்ளி இறங்கிவிட்டதே காரணமாகும்.

விளக்கத்துக்காக ஒரு பஞ்சாயத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே 400 தலைக்கட்டுகள். ஊர் நடுவில் 84 பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி; காலனியில் 31 பிள்ளைகளுடன் ஒரு தொடக்கப் பள்ளி; அப்பால் உள்ள குக்கிராமத்தில் 22 பிள்ளைகளுடன் மற்றொன்று. ஓவியமும் விளையாட்டும் கற்பிக்க ஒருவரை மாதம் ரூ.8,000 ஊதியத்தில் பத்து மாதங்களுக்கு அமர்த்த ரூ.80,000 வேண்டும்.

'படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு' என்று வசூலித்தால், நடுநிலைப் பள்ளியின் பிள்ளை ஒன்றுக்கு ரூ.952 ஆகும். மூன்று பிள்ளைகளை அங்கே அனுப்பும் கூலித் தொழிலாளி ரூ.2,800-க்கு மேல் கொடுக்க வேண்டும். தம் பிள்ளைகளை வேன் ஏற்றி நகரத்துப் பள்ளிக்கு அனுப்பும் பண்ணைக்காரர் ஒரு காசும் தர வேண்டியதில்லை. இதனினும் கோணலான ஒரு கணக்கைக் காண்பது அரிது. திருவிழா வரியைப் போலத் தலைக்கட்டுக்குச் சமமாக வைத்தால் வீட்டுக்கு ரூ.200 ஆகும். பார்வைக்கு இது நேர்மையானது. ஆனால் ஒரு வீட்டுக்கு அது மறந்துவிடக்கூடிய தொகை. மற்றொரு வீட்டுக்கு அவ்வார மளிகை. நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். கைம்பெண் நடத்தும் குடும்பத்துக்கு அரை வரி என்ற வழக்கம் சில ஊர்களில் இருந்ததை நினைத்துப் பார்க்கலாம். குடிமராமத்தில் ஏக்கருக்கு இத்தனை ஆள் என்ற கணக்கும் நமக்குப் பழக்கமானதே. வாய்க்கால் நீர் நிலத்தின் அளவுக்கேற்பப் பாய்வதனால் அக்கணக்கு அங்கே பொருந்தும். பள்ளியின் பயன் நிலத்தின் அளவைப் பார்த்துப் பாய்வதில்லையாதலால், ஏக்கர்க் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. கொடுக்கும் திறனை அறிய ஓர் அடையாளமாக மட்டும் கொள்ளலாம்.

மூன்று படிகளாக வகுத்துப் பாருங்கள். வசதியுள்ள 50 வீடுகளுக்கு ரூ.700 வீதம் ரூ.35,000, நடுத்தரமான 150 வீடுகளுக்கு ரூ.200 வீதம் ரூ.30,000, எஞ்சிய 200 வீடுகளுக்கு ரூ.75 வீதம் ரூ.15,000. ஆகக் கூடுதல் ரூ.80,000. எந்த வீடு எந்தப் படி என்பதை அவ்வீட்டாரே சொல்லட்டும். ஊர் அறிந்த உண்மையை ஊர் நடுவில் மறைப்பவர் அதிகம் இருக்கமாட்டார்கள். கொடுக்க இயலாது என்று சொல்கிறவரை வற்புறுத்த வேண்டா. இது நன்கொடை, வரி விதிக்கும் அதிகாரம் எந்த வசூல் குழுவுக்கும் கிடையாது.

இங்கே ஒன்றை மனந்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் ஒரு சாராரிடம் திருவிழா வரி வாங்க மறுப்பதே அவர்களை ஒதுக்கிவைக்கும் வழியாக இருந்துவந்துள்ளது. 'வரி கொடுத்தவனுக்கே உரிமை' என்று முதலில் சொல்வது. பின்னர் அவனிடம் வரி வாங்காமலிருப்பது. பள்ளி வசூலில் இப்பழக்கம் தலைகாட்டலாகாது. காலனியாரின் ரூ.75-ஐயும் அதே மேசையில், அதே ரசீதுப் புத்தகத்தில் பெற வேண்டும். 'பாவம், அவர்களிடம் கேட்பானேன்' என்ற இரக்கப் பேச்சும், ஆராய்ந்து பார்த்தால், பல சமயங்களில் அவர்களைக் கூட்டத்துக்கு அழையாமல் விடுவதற்கான மரியாதையான சொல்லாகவே முடிகிறது. கொடுக்க இயலாதவருக்கும் கூட்டத்தில் குரல் உண்டு என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நலம்.

வசூல் முடிந்தது, இனி ஆசிரியர் எங்கே கற்பிப்பார்? நடுநிலைப் பள்ளிக்கென அமர்த்தியவர் வாரம் ஐந்து நாளும் அங்கேயே இருந்தால், காலனியிலும் குக்கிராமத்திலும் உள்ள 53 பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்த பணம் பிறர் பிள்ளைக்குச் செலவாகிறது. அவரைப் பள்ளிக்கென அமர்த்தாமல் பஞ்சாயத்துக்கென அமர்த்தினால் இவ்விடர் தீரும். மூன்று பள்ளிகளிலும் மொத்தம் 137 பிள்ளைகள். தொகைக்கேற்ப ஐந்து நாள்களைப் பகிர்ந்தால், நடுநிலைப் பள்ளிக்கு மூன்று நாள், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு நாள் என ஏறக்குறையச் சரியாக அமைந்துவிடுகிறது. பணத்தைப் பங்கிடும் சண்டையைவிட நாளைப் பங்கிடும் ஏற்பாடு எளிது. விளையாட்டு வகுப்பு என்றால் பையன்களின் கைப்பந்தோடு முடிந்துவிடாமல், பெண்பிள்ளைகளுக்கு மைதானமும் நேரமும் ஒதுக்கப்படுகின்றனவா என்று பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

எந்த வகுப்பை மீட்பது என்பதிலும் நேர்மை உண்டு. அதிகம் கொடுத்தவர் ஆங்கிலப் பேச்சு வகுப்பு வேண்டும் என்பார். காலனித் தாய்மார்களைக் கேட்டால் மாலையில் விளக்கொளியில் படிக்க ஓர் இடமும், பாடம் சொல்லித்தர ஒருவரும் வேண்டும் என்று சொல்லக்கூடும். ரூ.700-க்கு ஒரு வாக்கு, ரூ.75-க்கு அரை வாக்கு என்று கொள்ள முடியாது. சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்கள் தொகைக்கேற்ற இடமும் உண்டு. தீர்மானம் அக்குழுவில் பிறக்கட்டும்.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு சொல். நம் கோயில்களில் குழல்விளக்கின்மேல் 'உபயம்' என்று எழுதி எழுதி, வெளிச்சம் வரவேண்டிய இடத்தையே பெயர் மறைத்துவிட்ட வேடிக்கையைக் காணாதவர் இல்லை. கட்டடத்துக்கோ மேசைக்கோ கொடுத்தவர் பெயரை எழுதுவதில் பெருந்தீங்கு இல்லை. ஆனால் எந்த வீட்டார் எவ்வளவு கொடுத்தனர் என்ற பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாகாது. கொடாதவரின் பிள்ளை அச்சுவரை நாள்தோறும் படித்துக்கொண்டு உள்ளே செல்ல நேரும். வகுப்பில் சேர்ப்பதற்கும் வசூலுக்கும் எவ்விதத் தொடர்பும் இருத்தல் கூடாது. சேர்க்கையின்போது நன்கொடை கேட்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறிப் பெற்றால், பெற்ற தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. ஊரார் கூடி எடுத்த முடிவு என்பதனால் அத்தடை தளர்ந்துவிடாது.

வெளியூரில் வாழும் பழைய மாணவர்களை நாடுவோரும் உண்டு. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் அதற்கு ஒழுங்கான வழி செய்தது. இதிலும் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். அயல்நாட்டில் பணி புரியும் பழைய மாணவர் நினைத்துக்கொள்வது தாம் படித்த பள்ளியைத்தான். அத்தகையோர் எவரையும் இதுவரை அனுப்பியிராத குக்கிராமப் பள்ளியை நினைக்க ஆள் இல்லை. நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதும் தலைவர், மூன்று பள்ளிகளின் தேவையையும் ஒரே கடிதத்தில் எழுதினால் அவர் மகிழ்ந்தே பகிர்ந்து கொடுப்பார்.

இவை யாவற்றினும் கடினமான பகுதி, வசூலை நிறுத்தும் நாளைக் குறிப்பது. மேசையும் கட்டடமும் ஒருமுறை வாங்கினால் இருக்கும். ஊதியம் மாதந்தோறும் வேண்டும். முதலாண்டில் ஆர்வத்தோடு கொடுத்த ஊர், விளைச்சல் கெட்ட மூன்றாம் ஆண்டில் கொடாது. வகுப்பு இரண்டாம் முறையாக நிற்கும். அப்போதும் முதலில் இழப்பவர் மாற்று வழியற்ற பிள்ளைகளே. மேலும், ஊர் தானே நடத்திக்கொள்கிறது என்று கண்டால், மேலிடத்தில் அக்கோப்பு அடியில் சென்றுவிடுவதும் இயல்பே. ஆகவே நிலையான பொருள்களுக்கு வசூலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆசிரியர் ஊதியத்துக்கு அதனைப் பயன்படுத்துவது, ஆற்றில் பாலம் வரும்வரை பரிசல் விடுவதைப் போன்ற ஏற்பாடாக, ஓர் ஆண்டு அல்லது மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டு என்ற வரையறையோடு மட்டும் இருக்கட்டும். அமர்த்தும் முன் தலைமையாசிரியரின் இசைவும் வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியும் பெறுக. பணியாற்ற வருபவரிடமும் அவ்வரையறையை முன்னரே எழுத்தில் கூறிவிடுதல் முறை.

பரிசல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பாலத்தைக் கேட்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாள்களில் வசூல் கணக்கு படிக்கப்படட்டும். வரவு, செலவு, வங்கி இருப்பு, ஒவ்வொரு பள்ளியிலும் நடந்த வகுப்பு நாள்கள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். அதே கூட்டத்தில், மூன்று பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு பயிற்றுநரை அரசே அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கைத் தீர்மானத்தையும் நிறைவேற்றுக. மூன்று பள்ளிகளின் மாணவர் தொகையை வகுப்பு வாரியாக அதில் குறித்து, ஊரார் இதுவரை செலவிட்ட தொகையையும் எழுதி, கணக்கின் நகலோடு ஒரே உறையில் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைத் தீர்மானப் புத்தகத்தின் அதே பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.